சோப்புக் கட்டியின் மகிமை

"ஏட்டி சுகிர்தம், அரிசி மூட்டை அதுக்குள்ள எப்படிக் காலியாச்சு?"

ஏசுதாசன் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். நாலு அரிசியும் ஒரு வண்டும் விழுந்தன. வண்டுகூட இளைத்துப்போயிருந்தது.

"அருவியில குளிச்சிட்டு வந்து நீங்க சாப்பிடுத சாப்பாட்டுக்கு மூட்டை தாங்குமா?" என்றாள் சுகிர்தம், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே.

ஏசுதாசன் ஏப்பத்தை அடக்கிக்கொண்டார். சற்றுமுன்தான் அவர் வயிற்றுக்குள் ஒன்பது இட்லி போயிருந்தது.

ஏசுதாசன் தென்காசி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கூட்டுறவு வீட்டுக்கடன் சங்கத்தில் கடன் வாங்கிக் குற்றாலம் ரோட்டில் வீடு கட்டியிருந்தார். 'சுகிர்த பவனம்' என்று எழுதிய பெயர்ப்பலகையும் தயார். ஆனால் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "பத்திரம் சங்கத்துக்காரன் பீரோவில இருக்கு. அடுத்தவன் வீட்டுக்கு உன் பேரை எப்படி மாட்டுவேன்?" என்பார். இன்னும் ஒன்றரை வருஷத் தவணை பாக்கி. அதை வருகிற கிறிஸ்துமஸுக்குள் அடைத்துப் பலகையை மாட்டியே தீருவது என்று மனிதர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

"சீசனுக்கு வாரவங்களுக்கு முன்ரூமை வாடகைக்கு விட்டா என்ன?" என்று சுகிர்தம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"சர்க்கார் குமாஸ்தா வீட்டைச் சத்திரம் ஆக்கச் சொல்லுதியா? என் மானம் என்னாவுறது? காசு பெருகுறது சம்பாத்தியத்தில இல்லட்டி, சிக்கனத்தில!"

சிக்கனம் என்றால் இப்படி அப்படி இல்லை. தீக்குச்சியைப் பிளேடால் இரண்டாகக் கிழிப்பார். பேப்பர் படிப்பது சலூனில். முடி மட்டும் வெட்டிக்கொள்ள மாட்டார். டிரான்சிஸ்டருக்குப் பாட்டரி போடாமல் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்று செய்தி கேட்பார். சாரல் தொடங்கியதும் பெரிய யோசனை ஒன்று உதித்தது. தினமும் விடியுமுன் சைக்கிளில் போய்ப் பெரிய அருவியில் குளித்துவிட்டால் சோப்பும் மிச்சம், வெந்நீர் விறகும் மிச்சம். மிச்சக் காசைச் சுகிர்தத்திடம் கொடுத்துவிடுவார். சங்கத்தில் கட்டுவது அவள் பொறுப்பு. அவர் ஆபீஸும் சங்கமும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுவதால் வேறு வழியில்லை.

சோப்பு மிச்சமானது உண்மை. ஆனால் அருவித் தண்ணீர் வயிற்றில் தீயை மூட்டிவிட்டது.

அவர் மளிகைக்கடை மைதீனிடம் முறையிட்டார்.

"பெரிய அருவி உச்சந்தலையில மொத்துன்னு விழும். அதான் அம்புட்டுப் பசி" என்றார் மைதீன். "ஐந்தருவிக்குப் போங்க ஸார். அங்க தண்ணி அஞ்சா பிரிஞ்சுல்லா விழுது? பசியும் பிரிஞ்சு போயிரும்."

ஏசுதாசன் நம்பினார். ஐந்தருவிக்கு ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தார். பசி பிரியவில்லை, ஐந்து மடங்காகத் திரும்பி வந்தது. புது மூட்டை முன்னதைவிட வேகமாக இறங்கியது. உளுந்து டப்பா தரை தட்டியது. வெந்நீரே போடாத வீட்டில் விறகும் மாயமாய்க் கரைந்தது.

"சாரல்ல விறகு நனைஞ்சு கிடக்கு. ஒண்ணு எரியுத இடத்தில மூணு எரியுது" என்றாள் சுகிர்தம்.

அவர் மனம் உடைந்துவிட்டது. சோப்பில் மிச்சம் பிடித்ததெல்லாம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறதே! இந்த லட்சணத்தில் பலகையைக் கறையான்தான் படிக்கும்.

"இனி அருவி வேண்டாம். வீட்டிலேயே குளிக்கேன்" என்றார்.

சுகிர்தத்தின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

"ஐயோ, அப்படிச் சொல்லாதிய! மூலிகைத் தண்ணி. உங்க மூஞ்சியே தெளிஞ்சிருக்கு. ஒரு நாள்கூட விடக் கூடாது. மெதுவாவே வாங்க, அவசரமே இல்லை."

தன் உடம்பின்மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று அவருக்குக் கண் கலங்கியது. அன்று மத்தியானம் அரைநாள் லீவு போட்டுச் சங்கத்துக்குப் போனார். கிறிஸ்துமஸுக்குள் அடைக்க முடியாது என்பதைத் தன் காதால் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

சங்கத்துச் செயலாளர் ரத்தினம் கணக்குப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் ரெண்டே தவணைதான் ஸார். இந்த மாசமே முடிச்சிருவிய போலிருக்கே!"

ஏசுதாசன் வெளியே வந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சோப்புக் கட்டிக்கு இவ்வளவு மகிமையா! ஆபீஸுக்குத் திரும்பிப் போய், லீவு போட்டிருந்தும், எல்லோருக்கும் சிக்கனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். தலைமை எழுத்தரே எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

மறுநாள் விடியலில் ஐந்தருவியில் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தார். மலையில் நல்ல மழை. செக்கச்செவேலென்று வெள்ளம் இறங்கியது. குளிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். கூட்டம் பஸ் ஏறித் திரும்பியது. ஏசுதாசன் சைக்கிளைத் திருப்பினார். இன்று குளிக்காமலே இருந்துவிட்டால் வீட்டுத் தண்ணீரும் மிச்சம் என்று நினைத்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தவர் பிரேக்கைப் பிடித்தார்.

கேட்டுக்குள் ஒரே ஜனம். பாதிப் பேர் ஈரத் தலையோடு, பாதிப் பேர் அவரைப் போலவே குளிக்காமல். படியிலும் கிணற்றடியிலும் உட்கார்ந்து கையில் இலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. சீசனுக்குச் சொந்தக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கிவிட்டார்கள் என்று எண்ணி அவர் தலைகளை எண்ணத் தொடங்கினார். ஆனால் ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவசரமாக உள்ளே நுழையப் போனார்.

தோளில் துண்டு போட்ட தடித்த ஆள் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, எல்லாரும் காசைக் கையில வச்சுக்கிட்டுப் பசியோடதான் நிக்கோம், வரிசையில வாங்க. அருவியில வெள்ளமாம், அந்தம்மா வீட்டுக்காரரு இன்னைக்குச் சீக்கிரம் திரும்பிருவாராம். அதுக்குள்ள எல்லாருக்கும் இட்லி போட்டு முடிக்கணும்னு பாவம், பறந்துக்கிட்டு இருக்காவ!"