தயார் நிலையில் ஒரு பள்ளம்

பள்ளத்தில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதுதான் பிரச்சினை.

நகராட்சியின் நகரமைப்பு அலுவலர் பள்ளத்தின் நடுவில் நின்று காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். புழுதி கிளம்பி அவர் மேலேயே படிந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் வைத்திருப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்ற அந்த அதிகாரி அம்மா இதைப் பாத்தா பள்ளம்னா நினைப்பாங்க? பந்து விளையாடற மைதானம்னு நினைப்பாங்க" என்றார் நகராட்சித் தலைவர்.

புதிதாக ஒரு வீட்டுவசதிச் சட்டம் வரவிருந்தது. வந்துவிட்டால், வீடு கட்ட அனுமதி கேட்பவர்கள் நகராட்சிப் படியேற வேண்டியதில்லை. தலைநகரில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து முத்திரை குத்திவிடுவார். வரைபடத்தில் எல்லா நிலமும் மட்டமாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் பாதி ஊரின் தண்ணீர் வந்து தங்கும் இந்த இடமும் அதில் ஒரு பச்சைக் கட்டம், அவ்வளவுதான். இதை மண் கொட்டி நிரப்பி அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று ஸ்கேலுக்குத் தெரியும். பள்ளத்தை ஒட்டியிருக்கும் கடைசி வீட்டுக்குள் போகும். அது அவருடைய அக்காவின் வீடு. கணவர் போன பிறகு அக்காவுக்கு மிச்சமிருந்தது அந்த வீடு ஒன்றுதான். இப்போது மழைக்கு முழங்கால் வரை வருகிற தண்ணீர், அப்புறம் கழுத்து வரை வரும்.

நகராட்சிகளின் கவலைகளைக் கேட்க ஒரு விசாரணை அதிகாரி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனது வைத்தால், தாழ்வான நிலத்துக்கு உள்ளூரைக் கேட்காமல் அனுமதி தரக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஸ்கேல் சில நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

"அவங்களை நம்ம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாடா" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கு. கட்டில் காலுக்குக் கீழ செங்கல் இருக்கு. வேற என்ன வேணும் அவங்களுக்கு?"

"சொந்த அக்கா வீட்டையே சாட்சியா காட்டினா நாலு பேர் என்ன பேசுவாங்க? நீ சும்மா இரு, அக்கா."

தவிர, அந்த நகராட்சியில் ஒரு பழக்கம் உண்டு. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் எதையும் இருக்கிறபடி காட்டுவதில்லை. தயார் செய்துதான் காட்டுவார்கள். ஒரு முறை, ஆளே வராத நூலகத்தில் அலுவலக ஊழியர்களையே வாசகர்களாக உட்கார வைத்தார்கள். ஒருவர் அசந்து தூங்கிப்போக, இத்தனை ஆழ்ந்து படிப்பவரை எங்கும் பார்த்ததில்லை என்று வந்தவர் பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது.

முதலில் புகைப்படங்களைத் தேடினார்கள். போன வெள்ளத்தில் எடுத்தவை கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் தலைவர் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கய்யா?"

"உங்களுக்குப் பின்னாடி இருக்கு சார்."

"தெரியவே இல்லையே?"

"நீங்க மறைக்கிறீங்க சார்."

தலைவர் புகைப்படங்களைக் கீழே வைத்தார். "டேங்கர் லாரியக் கூப்பிடு."

சாயங்காலம் லாரி வந்து கொட்டியது. காய்ந்து கிடந்த பூமி கொட்டக் கொட்டக் குடித்தது. லாரி திரும்புவதற்குள் ஈரம்கூட இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா, "செடிகூட இல்லாத இடத்துக்கு எதுக்குடா தண்ணி?" என்றாள்.

"எல்லாம் உனக்காகத்தான்கா."

"எனக்காகவா? அப்ப எனக்கு ஒரு நல்ல குடித்தனக்காரரைப் பாத்துக் குடு. பின்பக்கத்து அறை காலியாவே கிடக்கு. இன்னிக்குக் காலையிலகூட ஒரு அம்மா வீடு பாக்க வந்தாங்க. சுவத்துக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க, குனிஞ்சு செங்கல்லப் பாத்தாங்க. வாடகை எவ்வளவுன்னுகூடக் கேக்காம போயிட்டாங்க."

"சரிக்கா, பாக்கலாம்" என்றார் ஸ்கேல், லாரியைப் பார்த்தபடி.

மறுநாள் விடிந்ததும் தலைவர் வால்வுக்காரரை வரவழைத்தார். ஊருக்கே தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் குழாய் பள்ளத்தின் ஓரமாகத்தான் போகிறது.

"கொஞ்சமா திற" என்றார் தலைவர்.

"இது கொஞ்சமா திறக்கிற வால்வு இல்லீங்க. திறந்தா திறந்ததுதான்."

"நான் சொல்றேன், திறய்யா."

திறந்தார். பீறிட்டு வந்த தண்ணீரைக் கண்டு தலைவருக்குக் கண் கலங்கியது. பள்ளம் மெல்ல நிறைந்து அசல் மழைக்காலம் போலவே ஆனது. ஸ்கேல் முட்டியளவு தண்ணீரில் இறங்கித் தன் ஸ்கேலை விட்டு அளந்து பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"போதும், மூடிடு" என்றார்.

வால்வுக்காரர் திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

விசாரணை அதிகாரியின் கார் வந்தபோது தண்ணீர் அக்கா வீட்டு வாசற்படியைத் தாண்டியிருந்தது. மழையே இல்லாத நாளில் அக்கா உள்ளே பாத்திரங்களைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். தன்னால்தான் அவளுக்கு இந்தக் கதி என்று ஸ்கேலுக்குத் தெரிந்தது. ஆனாலும் சட்டத்தில் அந்த வரி சேர்ந்துவிட்டால் போதும், ஒரு நாள் கஷ்டம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதிகாரி நரைத்த தலையும் சாந்தமான முகமும் உள்ள அம்மாள். சிரித்தபடியே இறங்கியவர் தண்ணீரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ராத்திரி மழையா?"

"ஆமாம்மா, பேய் மழை" என்றார் தலைவர். பின்னால் தெருவில் போன ஒரு சைக்கிள் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

அந்த அம்மாள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். "மழைத் தண்ணியில குளோரின் மருந்து வாசம் வருதே?"

அதற்குள் காலி வாளிகளுடன் ஊரே வந்து சேர்ந்தது.

"வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல, இங்க குளம் வெட்டி விளையாடறீங்களா?" என்று ஒரு பெண் தலைவரைப் பார்த்துக் கத்தினாள். "வால்வைத் திறந்து விட்டதை என் கண்ணால பாத்தேன்!"

அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் வருத்தமாகப் பார்த்தார். அக்கா வீட்டைக் காட்டி ஸ்கேலிடம் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, அந்த வீட்டுச் சுவத்துல இருக்கிற கோடும் நீங்க தயார் பண்ணினதுதானா?"

"இல்லம்மா, அது நிஜம்! சத்தியமா நிஜம்! உள்ள வந்து பாருங்கம்மா!"

"இனிமே நீங்க எதைக் காட்டினாலும் நான் எப்படி நம்பறது?" என்று சொல்லிவிட்டு, சேற்றைத் தாண்டித் தெருமுனையை நோக்கி நடக்கத் தொடங்கினார். தலைவர் கைகூப்பியபடி பின்னாலேயே ஓடினார்.

காரின் பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்கேலும் வால்வுக்காரரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சேறு ஸ்கேலின் முகத்தில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் இருக்கும் கோடு, உள்ளேயே போகாத அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டிரைவர், அதிகாரி அம்மா இந்த வீட்டுக்குள்ள எப்பப் போனாங்க?"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"நேத்துக் காலையிலயே வாடகைக்கு வீடு பாக்கிற மாதிரி வந்து பாத்துட்டாங்க சார், பாத்துட்டு, 'இந்த ஊரு சொல்றதுதான் சரி, சட்டத்துல அந்த வரியைச் சேத்தே ஆகணும்'னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க, இன்னிக்கு உங்ககிட்ட அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தாங்க."