சிரிக்க வேண்டிய பதினான்கு இடங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும், என் வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் உன் மகளும் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும்.

"சிரிப்புப் படம்னா யார் சிரிக்கணும் சார்?" என்று முன்பு வகுப்பில் ஒருத்தி கேட்டாள். "புரிந்தவர்கள்" என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதில் தப்பாகிவிட்டது.

கல்லூரி நாளில் நாம் மூன்று தடவை பார்த்த பழைய படம் நினைவிருக்கிறதா? அரசாங்கம் சுவருக்குச் சுவர் கண்ணாடிக் கண் வைத்து, சிரிக்காதவன் தலைக்கு மேல் சிவப்பு விளக்கை எரியவிடுமே, அது. நீ சிரித்துப் புரையேறி வெளியே ஓடினாய். அதை உன் மகளுக்கும், அவளோடு கால் சென்டரில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் போட்டுக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடங்கள் பதினான்கு என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தேன், வாத்தியார் புத்தி விடுமா, முதல் இடத்தில் மூவரும் சும்மா இருக்கவே படத்தை நிறுத்தி விளக்கினேன், "புரியுது பெரியப்பா, ஓட்டுங்க" என்றாள் உன் மகள், ஐந்தாவது இடத்தில் மறுபடி நிறுத்தினேன், குட்டையான பெண், "அங்கிள், அவங்களுக்கு மூணு சிவப்பு வரைக்கும் விடுறாங்க. நல்ல கம்பெனி" என்றாள், மற்றவள், "கண்ணு மட்டும்தானே பாக்குது, குரலைக் கேக்கலியே" என்றாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இவர்கள் மாட்டும் ஹெட்செட், குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று அளக்கிறதாம். குறைந்தால் திரையில் சிவப்பு. இரண்டு சிவப்பு வந்தால் வேலை காலி.

கடைசியில் கதாநாயகன் வேலையை உதறிவிட்டுக் கதவைத் திறந்து நடப்பானே, நாம் அழுதோமே, அங்கேதான் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெளிய போய் எங்க வேலை தேடுவாராம்?"

"உனக்கு எத்தனை சிவப்பும்மா?" என்றேன் உன் மகளிடம்.

"ஒண்ணு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டேன். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. உன் மனைவி மாத்திரைகளை விடாமல் சாப்பிடட்டும். இருவருக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: மேலே 'நலம்' என்று எழுதியதை அடித்துவிடு. மகள் ஃபோனில் எப்போதும் கலகலவென்று பேசுகிறாள் என்று பூரித்து எழுதியிருந்தாயே. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாய் என்று பேசிக் காட்டச் சொன்னேன். உன்னிடம் பேசுகிற அதே குரல். அடுத்த தடவை அவள் அழைக்கும்போது, "சிரிக்காம பேசும்மா" என்று சொல்லிவிட்டு, நீ வாய் திறக்காமல் கேள்.