எடை இரண்டரை

மிளகளவே ஆன ஓர் உருண்டை நாடு இருந்தது. பெயர் குமிழ்நாடு. சுற்றிலும் மதில், உள்ளே அரையிருட்டு. அங்கே இரண்டே வகை மக்கள்: எடை இரண்டு உள்ளவர்கள், எடை மூன்று உள்ளவர்கள். வகைக்கு ஒருவராக நடுமையத்தில் கைகோத்தால் விளக்கு எரியும். தேர்தல் வைத்து மன்னரைத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. அதனால் ஒவ்வொரு மன்னரும் விளக்கை வாக்குறுதியாகத் தந்தார். வேறு எதையும் தரவில்லை.

இம்முறை வென்றவர் கொற்றக்குடையார். இரண்டு வகை மக்களுக்கு இரண்டு வகையாக ஆணை எழுதுவது வீண் வேலை என்று அவருடைய தலைமைக் கணிதர் உலகளந்தார் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எல்லோருடைய அடையாள அட்டையிலும் ‘எடை இரண்டரை’ என்று அச்சானது. அந்த எடையில் நாட்டில் ஓர் ஆள்கூட இல்லை. அதை யார் கேட்டார்கள்? சட்டையும் அதே அளவில்தான் தைத்தார்கள். பாதிப் பேருக்குத் தொளதொள, மீதிப் பேருக்குப் பொத்தான் தெறித்தது.

அடுத்த ஆணை, ஒற்றுமை நெருக்கல். நாலாபக்கமும் மதிலை உள்ளே தள்ளினால் மக்கள் ஒன்றாக மையத்துக்கு வந்துவிடுவார்களாம். மதில் இரண்டு தள்ளுக்குத்தான் தாங்கும். எடை இரண்டுள்ள நறுமுகைக்கும் எடை மூன்றுள்ள திண்ணப்பனுக்கும் அன்றுதான் கல்யாணம். அந்த இரண்டு தள்ளுக்குள் சேராவிட்டால் பிறகு எப்போதும் சேர முடியாது. அவள் திண்ணப்பனையும் இழுத்துக்கொண்டு கணிதரிடம் ஓடினாள்.

"ஐயா, தள்ளினா நான் விருட்டுனு போயிருவேன். இவரு நிதானமாத்தான் வருவாரு. முதல்ல இவரைத் தள்ளுங்க."

"சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவும்மா. அப்புறம் எப்படி ஒருத்தர் மட்டும் பின்தங்குவார்?" என்றார் உலகளந்தார்.

தள்ளினார்கள். எடை குறைந்தவர்கள் பறந்துபோய் மையத்தையும் தாண்டி விழுந்தார்கள். கனத்தவர்கள் பாதி வழியில் நின்றார்கள். இடிபட்ட சூடு முழுக்கக் கனத்தவர்கள் மேலேயே இறங்க, திண்ணப்பன் உடம்பெல்லாம் கொப்புளம். நறுமுகை குளிரில் நடுங்கினாள். முறையிடப் போனவர்களிடம், சராசரியாக இதமான வெப்பம்தான் நிலவுகிறது என்று மன்னர் மகிழ்ச்சி தெரிவித்தார்.

இன்னும் பலமாகத் தள்ள உத்தரவானது. மதிலில் படிந்திருந்த கரி உதிர்ந்து மையத்தில் விழ, அங்கே இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் அவிந்தது. இரு வகையாருக்கும் நடுவே இடைவெளி இருமடங்கானது. மதிலும் விண்டுபோயிற்று. பாவம், இருவரும் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டியபடியே நின்றார்கள்.

உலகளந்தார் அளந்து பார்த்துவிட்டு அறிக்கை வாசித்தார். மணமகள் மையத்துக்கு அந்தப் பக்கம் பத்துக் காலடியில் இருக்கிறாள், மணமகன் இந்தப் பக்கம் பத்துக் காலடியில். ஆகவே சராசரியாக இருவரும் மையத்திலேயே நிற்கிறார்கள். திருமணம் இனிதே முடிந்தது, விளக்கும் எரிகிறது.

நறுமுகை அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அந்த இரண்டரை எடைக்காரனைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்கய்யா. கல்யாணம் அவனுக்குத்தானே ஆயிருக்கு, ஒரு தடவை பாத்துக்கறேன்."

மன்னருக்கே அவனைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. காவலர்கள் நாடு முழுக்க ஒவ்வொருவராக எடை போட்டுத் தேடினார்கள். அப்படி ஓர் ஆளே இல்லை என்று தலைகுனிந்து வந்து நின்றார்கள்.

மன்னர் அவர்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"ஆள் கிடைக்காட்டி என்னப்பா, அவன் ஓட்டு தவறாம விழுதே."