கைராசிக்காரரும் நியூட்டும்

உங்கள் கண்ணைப் பார்த்தே கல்லீரலின் கதையைச் சொல்லிவிடுகிற ஒருவரை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்தான் கைராசிக்காரர். மருத்துவம் படித்ததில்லை, படிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதும் இல்லை. இந்த இனத்தார் இல்லாத அலுவலகம் கிடையாது, கல்யாண வீடு கிடையாது, ஏன், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கிற வரிசைகூடக் கிடையாது.

நம்முடையவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர். அவர் மேசையைத் தாண்டும்போது மட்டும் சக ஊழியர்கள் இருமலை விழுங்கிக்கொண்டு போவார்கள். இருமினால் போச்சு. நாக்கை நீட்டச் சொல்லுவார், கையைப் புரட்டி நகத்தைப் பார்ப்பார், காலையில் வயிறு சரியாகப் போனதா என்று நாலு பேர் நடுவில் விசாரிப்பார், கடைசியில் எந்த நோயாக இருந்தாலும் "உடம்புல சூடு பத்தலை" என்று தீர்ப்புச் சொல்லுவார். மனிதர்களெல்லாம் இப்படி ஓடி ஒளியத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் அவருடைய மகள் ஆசை ஆசையாக ஒரு நியூட்டை வாங்கி வந்தாள். பல்லியைப் போல் வால், தவளையைப் போல் ஈரத் தோல், கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் வாசம். எங்கேயும் ஓட முடியாது. ஒரு வைத்தியருக்கு வேறென்ன வேண்டும்?

வந்த அன்று அது சாப்பிடவில்லை. புது இடத்தில் எந்தப் பிராணிதான் உடனே வாயைத் திறக்கும் என்று மனைவி கேட்டாள். இவர் காதில் அது விழவில்லை. மறுநாள் அது தன் தோலை மெல்ல உரித்து, உரித்ததைத் தானே விழுங்கியது. நியூட்டுகளுக்கு அது வழக்கம்தான். இவரோ, சரும நோயோடு சித்தப்பிரமையும் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். பிறகு கையில் எடுத்துத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. போதாதா? மேசை விளக்கைத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்தார். ரத்தம் ஓடட்டும் என்று அதன் குட்டிக் கால்களை நீவியும் விட்டார்.

சாயங்காலத்துக்குள் நியூட்டு நிஜமாகவே நோயாளி ஆகிவிட்டது. நீருக்கு மேலே மிதந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது, வால் சுருண்டது. பார்த்தீர்களா, உள்ளே இருந்த நோய் வெளியே வருகிறது என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மகள் தொட்டியை விட்டு நகரவில்லை. "அப்பா, இது செத்துப்போயிடுமா?"

அவள் கேட்டது வைத்தியரை இல்லை, அப்பாவை. தொட்டியை அணைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

அந்த டாக்டரம்மா தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார், நடந்த வைத்தியத்தை முழுவதும் கேட்டார். குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சூட்டை இறக்கினார்.

"இதோட உடம்பு சில்லுன்னுதான் இருக்கணுங்க. சூடுதான் இதைக் கொல்லும். விளக்கை எடுத்துட்டு, யாரும் தொடாம விட்டுடுங்க. பிழைச்சுக்கும்."

கைராசிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். "சரிங்க டாக்டர். தொடாம இருக்கிறது எத்தனை வேளைக்கு?"

நியூட்டு பிழைத்துக்கொண்டது. புழு போட்டால் இப்போது லபக்கென்று விழுங்குகிறது. அதைத் தான் காப்பாற்றிய விதத்தை அவர் அலுவலகத்தில் சொல்லி மாளவில்லை.

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். ஆனால் நியூட்டு சாப்பிடவில்லை என்று படித்த அந்த இடத்தில், ஆயுளில் ஒரு நியூட்டைக் கண்ணால் பார்த்திராத நீங்கள், தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கவில்லை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நெஞ்சை மட்டும் தொட்டால் போதும்.