குடுவைக்கு வெளியே விழுந்த மழை

மழையளவுக் குழுவின் நடுவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும், தங்கள் வீட்டார் நலமும், தங்கள் மொட்டைமாடிக் குடுவையின் நலமும் அறிய ஆவல். நமது இணையக் குழுவில் என் வாயைத் தாங்கள் பூட்டிவிட்டபடியால் தபால்தலை வாங்கி எழுதுகிறேன். குழுவில் ‘சொட்டு’ என்ற புனைபெயரில் எழுதுபவன் நான்தான். முப்பத்தொரு வருடம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்டு ஓய்வு பெற்றவன். நான்கு வருடமாகத் தினம் காலை எட்டரைக்கு, குடுவையில் சேர்ந்த மழையை அளந்து குழுவில் போட்டவன்.

நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்தையும் கேளுங்கள். அன்று நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று போட்டேன். அதோடு விட்டிருக்கலாம், கை சும்மா இருந்தால்தானே, ‘தெருவில் முழங்கால் தண்ணீர், வடிகாலைத் தூர்வாரி மூன்று வருடமாகிறது’ என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே ‘ஓட்டைக்குடை’ என்கிற உறுப்பினர், ஓட்டுப் போடும்போது புத்தி எங்கே போயிற்று என்று கேட்டார். உங்கள் கட்சி ஆண்டபோது வடிகாலே கிடையாதே என்றேன். அதனால்தான் அடைப்பும் கிடையாது என்றார். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவு. தாங்கள் ஏழாம் விதியைத் தூக்கிக் காட்டி, பொழுதுபோக்குக் குழுவில் அரசியல் கூடாது என்று எங்கள் இருவருக்கும் ஒரு மாதம் தடை போட்டுவிட்டீர்கள். ஐயா, ஒரே ஒரு சந்தேகம். மழை குடுவைக்குள் விழுந்தால் வானிலை, அதே மழை ஓர் அடி தள்ளித் தெருவில் விழுந்தால் அரசியலா? அளந்து பிழைத்தவன் நான். கோட்டை எங்கே போடுவது என்று எனக்கே தெரியவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். முதல் நாள் பன்னிரண்டு மில்லிமீட்டர். யாரிடம் சொல்வது? மருந்துக்கடைக்காரரிடம் “பன்னிரண்டு” என்றேன், அவர் பன்னிரண்டு மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார், விளக்கக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மகளுக்குப் போன் போட்டேன், “ஜன்னலைச் சாத்திட்டு உள்ளேயே இருங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிட்டாள். சரி, அரசியலும் பேசலாம் என்று கதவைத் திறந்துவைத்திருக்கும் ரோஜா வளர்ப்போர் குழுவில் சேர்ந்தால், ஒரே நாளில் நானூறு பதிவு, ஒன்றில்கூட ரோஜா இல்லை. என் செடியில் பூச்சி, என்ன செய்வது என்று கேட்டதற்கு, முதலில் நீ எந்தப் பக்கம் என்று சொல் என்றார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் பூச்சி செடியை முடித்துவிட்டது. அதனால் தங்கள் ஏழாம் விதி முழுத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைமேல் எனக்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை. என் மனைவி போன பிறகு காலையில் எழுந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அதற்குத்தான் குடுவை வாங்கினேன். மழையே இல்லாத மாதங்களில் ‘பூஜ்யம்’ என்று போடுவேன். ஒரு நிமிடத்தில் ‘இங்கேயும் பூஜ்யம்’ என்று பதில் வரும். போட்டது யார் என்கிறீர்கள்? அந்த ஓட்டைக்குடைதான். ஒரு நாள் தவறியதில்லை. அவர் முகம் எனக்குத் தெரியாது, கட்சியும் அதுவரை தெரியாது. கட்சி தெரிந்த அன்றோடு எல்லாம் போயிற்று. அளவு வராத வீட்டின் புள்ளி நமது வரைபடத்தில் சாம்பல் நிறமாகிவிடுமே, அதைத் தினம் திறந்து பார்க்கிறேன். என் வீட்டின் மேல் சாம்பல். உள்ளே ஆள் இல்லை என்று எழுதி ஒட்டியதுபோல் இருக்கிறது, எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் தயவுசெய்து தடையை நீக்குங்கள். இனி வடிகால், சாக்கடை, தேர்தல் எதையும் தொடமாட்டேன். தெருவில் படகு ஓடினாலும் ‘சற்றே ஈரம்’ என்று மட்டும் எழுதுவேன். அவருடைய தடையையும் நீக்கினால் புண்ணியமாகப் போகும். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர் சொன்னது அத்தனையும் தப்பு என்பதைத் தவிர.

தங்கள் குடுவை நிறையட்டும், கூரை ஒழுகாதிருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
சொட்டு

பி.கு.: உறையை ஒட்டும்போது அழைப்புமணி அடித்தது. நெடுநெடுவென்று ஒருவர், கையில் குடை, நல்ல குடைதான். “நீங்கதானே சொட்டு? ஒன்பது நாளா உங்க புள்ளி சாம்பலாவே இருக்கு. தடைதான்னு தெரியும். இருந்தாலும் ஆள் இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கண்டக்டராக இருந்தவராம், குரலைக் கேட்டாலே தெரிகிறது. உட்கார்ந்ததும் வடிகாலில் ஆரம்பித்தார். மூன்றரை மணி நேரம்; டீ மூன்று தரம் ஆறிப்போயிற்று. ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.

எனவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். ஏழாம் விதி நல்ல விதி. எங்கள் இருவர் தடையையும் நீக்க வேண்டாம்; முடிந்தால் ஒரு மாதத்தை மூன்றாக்குங்கள். இன்று இங்கே பூஜ்யம். அங்கேயும் பூஜ்யம் என்று எழுதச் சொல்கிறார்.