வேண்டாம் என்றால் இன்னொரு வாளி

ரக்கான் பிடித்து இழுத்த ஐந்தாவது செடியும் வழவழவென்று வேரோடு கையில் வந்துவிட்டது. அடியிலிருந்த மண்ணை எடுத்துப் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது.

"லமீஸ், இங்க வா. இது மரமிய்யாவா, சூப்பா?"

அவன் மனைவி மோந்து பார்த்தாள். "சூப்புதான். உப்பு மட்டும்தான் போடல."

மரமிய்யா டீயில் போடும் செடி. அம்மான் நகரின் நடுவில், படிக்கட்டுத் தெருவின் அடியில், கார் வரும் சாலையை ஒட்டி, ஊர்க் குப்பையெல்லாம் வந்து சேர்ந்த ஒரு காலி இடம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ரக்கான், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அள்ளி, மரமிய்யா, ஸஅத்தர், ரோஸ்மேரி என்று வறட்சி தாங்கும் செடிகளாக நட்டான். மாநகராட்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கோடையில் தண்ணீர் ஊற்றாமலே செடிகள் பிழைத்தால் இடம் தோட்டத்துக்கு. செத்தால் கார் நிறுத்த. அடுத்த வாரம் இன்ஜினியர் வந்து பார்ப்பதாக இருந்தது. ரக்கான் வாழ்நாளில் தானாக ஆரம்பித்த ஒரே காரியம் இந்தத் தோட்டம்தான். அது போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"யாரோ வேணும்னே தண்ணி ஊத்திக் கொல்றாங்க" என்றான். "யாருன்னு எனக்குத் தெரியும்."

எதிர்வீட்டு அபு ஃபவ்வாஸைச் சொன்னான். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மனுப் போட்டவர் அவர். செடி நட்ட அன்றே தன் கிழட்டு மெர்சிடிஸைக் கொண்டுவந்து தோட்டத்தின் கடைசி மூலைக்குக் குறுக்கே நிறுத்தி, தார்ப்பாயும் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் சுவர். மூலைக்குள் ஒரு பூனைகூடப் போக முடியாது. அங்கே நட்ட செடிகளை ரக்கான் அன்றைக்கே கைகழுவிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒளிந்திருந்து பார்த்தான். வாளியோடு வந்தது மாடிவீட்டுக்காரி உம் தைசீர்.

"நீங்களா?"

"பாவம்ப்பா, வாடிப்போய் நிக்குது. நேத்து எங்களுக்குத் தண்ணி வந்த நாளு. நான் துணியைக்கூட துவைக்காம இதுக்குன்னு எடுத்து வச்சேன்."

குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் வருகிற ஊரில், துணியைத் துவைக்காமல் வைத்த தண்ணீர். அவளைத் திட்டுவதற்கு ரக்கானுக்கு வாய் வரவில்லை. நேராகப் போய் ஒரு பலகை எழுதி நட்டான்: 'எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம். மிக்க நன்றி.'

அன்று மாலைக்குள் தோட்டம் குளமாகிவிட்டது.

"தெளிவா எழுதியிருந்தேனே" என்று உம் தைசீரிடம் போய் முறையிட்டான்.

"எழுதியிருந்த. படிச்சதும் மனசு கேக்கல. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச செடிங்க."

"வேண்டாம்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"உன் மாமியார் வீட்ல இன்னொரு தட்டு சோறு வச்சப்ப வேண்டாம்னியே. விட்டாங்களா? காபி ஊத்தினா, குடிச்சிட்டுக் கப்பை ஆட்டிக் காட்டற வரைக்கும் ஊத்திக்கிட்டேதான் இருக்கணும். இந்தச் செடி எந்தக் கப்பை ஆட்டிச்சு?"

ரக்கான் வீடு வீடாகப் போய் விளக்குவது என்று முடிவெடுத்தான். ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்றான். இன்னொன்று கொடுத்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஆகாது என்று அவன் சொல்ல, எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "அப்போ வேற யாரு ஊத்தறாங்க?" என்று மட்டும் விசாரித்தார்கள். உம் தைசீர் ஒரு வாளி ஊற்றுகிற விஷயம் அப்படித்தான் தெரு முழுக்கப் பரவியது. கீழ்வீட்டுக்காரி மறுநாள் இரண்டு வாளி கொண்டுவந்தாள். தெருவில் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

கடைசியில் வேலி போட்டுப் பூட்டினான். சாவியை உம் தைசீரிடமே கொடுத்தான்.

"நீங்கதான் காவல். ஒருத்தரையும் ஊத்த விடக்கூடாது."

"என்னைத் தாண்டி ஒரு சொட்டு உள்ள போகாது" என்றாள்.

போகவில்லைதான். மொத்தத் தண்ணீரையும் அவளே வாங்கி, யாருக்கும் மனக்குறை இல்லாமல், தன் கையால் பிரித்து ஊற்றினாள்.

இன்ஜினியர் சுஹைர் வந்த அன்று தோட்டத்தில் உயிரோடிருந்தது கொசு மட்டும்தான். அந்த அம்மாள் நடுவில் கால் வைத்தார். செருப்பு சேற்றோடு போய்விட்டது. ரக்கான் குனிந்து எடுத்துக் கொடுத்தான். தெருவே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

"தண்ணியே ஊத்தலைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார் அவர்.

"நான் ஊத்தல மேடம்" என்றான் ரக்கான்.

"அந்தக் காருக்குப் பின்னாடி என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். செத்துப்போன மூலை."

"அதையும் பார்த்துடறேன். காரை எடுக்கச் சொல்லுங்க."

அபு ஃபவ்வாஸ் ஜெயித்த முகத்தோடு வந்து தார்ப்பாயை உருவினார். வண்டி இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தது.

மூலை முழுக்க மரமிய்யா இடுப்புயரம் நின்றது. ரோஸ்மேரி சுவரோடு ஒட்டி அடர்ந்திருந்தது. ஸஅத்தர் வாசனை வேலிக்கு வெளியே வரைக்கும் வரவே, உம் தைசீர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரக்கான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காய்ந்த தரை அது ஒன்றுதான்.

சுஹைர் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது.

"நீங்க தண்ணியில்லாம வளர்த்துக் காட்டறோம்னு சொன்னீங்க. இதோ வளர்ந்திருக்கு. இடம் தோட்டத்துக்குத்தான்" என்றார். "ஆனா ஒண்ணு. இந்த மூலையைப் பார்த்துக்கிட்டவர்தான் இனிமே மொத்தத் தோட்டத்துக்கும் பொறுப்பு. உங்கள்ல அவர் ஒருத்தருக்குத்தான் இந்தச் செடிங்க மேல உண்மையான அக்கறை. யாரு அது?"

தெரு மொத்தமும் திரும்பி அபு ஃபவ்வாஸைப் பார்த்தது. அவர் கார் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அக்கறையாவது ஒண்ணாவது, செத்துத் தொலையட்டும்னுதாம்மா ஒருத்தரும் ஊத்த முடியாதபடி காரைக் குறுக்க விட்டேன்."