பிளேக்அவுட் அண்ணேவின் கூச்சல் பட்டியல்

வீட்டுக்கு வெளிச்சம் தருவதற்கு முன் இருட்டைத் தந்து பார்க்கும் மின்பணியாளர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான் உண்டு. அவரும் மலேசியாவின் ஈப்போ சிலிபினில்தான் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் அவர் பிளேக்அவுட் அண்ணே.

சென்ற ஆண்டு என் கணவரின் நுரையீரல் பழுதுபட்டு, ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வந்தது. மின்சாரம் இருக்கும்வரை அது காற்றைத் தரும். எங்கள் பகுதியிலோ வானம் கறுத்தாலே மின்சாரம் விடைபெற்றுக்கொள்ளும். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். ஆகவே ஜெனரேட்டர் வாங்கி, அதைப் பொருத்த அண்ணேவை அழைத்தோம்.

என் தம்பி, கைப்பேசிக் காணொளிகளில் பொறியியல் பயின்றவன், உடனே திட்டம் சொன்னான். "எதுக்குக்கா சேஞ்ச்ஓவர் சுவிட்ச்? ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒரு வயரு போதும். சுவத்துல சொருகுனா வீடு பூரா லைட்டு எரியும்லா!"

அண்ணே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எரியும் தம்பி. ஆனா ஒன் கரண்டு வீட்டோட நிக்காது, ரோட்டு லைனுக்கும் போவும். அங்க லைன் செத்துப்போச்சுன்னு நம்பி ஒருத்தன் கம்பத்துல ஏறியிருப்பான். அவன் பொண்டாட்டிக்கு நீ போயி பதில் சொல்றியா?"

தம்பி ஒரு வாரம் எந்தப் பிளக்கையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

சேஞ்ச்ஓவர் சுவிட்சு எதற்கு என்பதை எனக்கும் விளக்கினார். "ரோட்டுக் கரண்ட வெட்டிட்டுத்தான் ஜெனரேட்டர் கரண்ட உள்ள விடும். கோயில் தலைவர் பதவி மாதிரி, டீச்சர். பழைய தலைவர் எறங்குனாத்தான் புதுத் தலைவர் ஏறணும். ரெண்டு பேரும் ஒரே நாக்காலியில உக்காந்தா என்னாவும்?" எங்கள் கோயில் நிர்வாகத்தை அறிந்தவள் ஆதலால், எனக்கு உடனே விளங்கியது.

அடுத்து, ஜெனரேட்டரை எங்கே வைப்பது? அதன் புகை என் கணவரின் அறைக்குள் நுழையக்கூடாது. அண்ணே ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு, புகை போகும் திசையைப் பார்த்தபடி மூன்று நாள் வீட்டைச் சுற்றினார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் தலைகுளித்து, தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"என்ன பூசை அண்ணே?"

"ஜெனரேட்டர் பூசை. சாமி இன்னும் எறங்கல."

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கும்பிட்டுவிட்டே போனார்.

கடைசியில் கொல்லைப்புற மூலையில் இடம் பிடித்த ஜெனரேட்டர் சிறியது. வீட்டின் பதினான்கு இணைப்புகளில் ஆறைத்தான் தாங்கும். எந்த ஆறு வேண்டும் என்று தட்டச்சு செய்து கொடுத்தேன். அண்ணே படிக்காமலேயே சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். "பேப்பர்ல எல்லாரும் நல்லவங்கதான், டீச்சர்."

ஞாயிறு நண்பகல் வந்தார். என் கணவரிடம் சற்று நேரம் பேசியிருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கூடத்தில் நோட்டுப்புத்தகத்தோடு அமர்ந்தார். யார் எதற்கு முதலில் கத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவருடைய முறை. அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் ஓடினால் முதலில் துரை பங்களாவுக்கு மின்சாரம்; பிறகு கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு; மிச்சமிருந்தால்தான் தொழிலாளர் லயத்துக்கு. அந்த வரிசையோடு அவருக்கு இன்னும் வழக்கு தீரவில்லை.

"வைஃபை!" என்றாள் மகள். "ஹீட்டர்!" என்றான் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்ற தம்பி. முப்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்த நான், பாதி அரைந்த சட்னியைப் பார்த்து, "ஐயோ, என் மிக்சி!" என்று அலறினேன்.

அதன் பிறகே எனக்குக் கணவரின் நினைவு வந்தது. ஓடினேன். அவர் அமைதியாகச் சாய்ந்திருந்தார். மூக்குக்குழாய் சிலிண்டரில் மாட்டப்பட்டிருந்தது. "அணைக்கிறதுக்கு முன்னாடியே... வந்து மாட்டிட்டாரு," என்றார், இரண்டு மூச்சில்.

தலைகுனிந்து கூடத்துக்குத் திரும்பினேன். நோட்டில் எங்கள் கூச்சல்கள் இரண்டாம் எண்ணிலிருந்துதான் தொடங்கின. முதல் வரியில், 'சார் மெஷின்'.

"அவரால கத்த முடியாதுல்ல, டீச்சர். அதான் கேக்காமயே எழுதிட்டேன்." பிறகு குரலை உயர்த்தி, "ஹீட்டர் கெடையாது தம்பி! அது ஒண்ணே ஜெனரேட்டரத் தின்னுரும். மிக்சியும் கெடையாது. டீச்சருக்கு அம்மி வாங்கிக் குடுங்க!" என்றார்.

சுவிட்சு பொருத்தி இரண்டு வாரம் கழித்து, ஒரு பிற்பகல் மழையில் மின்சாரம் போயிற்று. மகள் ஜெனரேட்டரை இயக்கினாள். நான் சுவிட்சைத் திருப்பினேன். கணவரின் அறையில் இயந்திரம் முனகத் தொடங்கியது.

பத்து நிமிடத்தில் அண்ணே வந்தார், மழைச்சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில். தாமானில் பாதிப் பேர் அவரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியை அணைத்தார். சுவிட்சுப் பெட்டியைத் திரும்பியும் பாராமல், நீர் சொட்டச் சொட்ட நேரே உள்ளே போய், கட்டிலருகே குந்தினார்.

"சார், ஒரு தடவ நல்லா இழுத்து விடுங்க, பாப்போம்."

என் கணவர் மெதுவாக மூச்சை இழுத்து விட்டார். அதைக் கேட்ட பிறகுதான், வழி நெடுக அடக்கிக்கொண்டு வந்தவரைப்போல, அண்ணேவும் தம் மூச்சை விட்டார்.